வீட்டு வைஃபை பாதுகாப்பு: எது முக்கியம், எது வீண் வேலை

வீட்டில் இருக்கும் ரவுட்டருக்கு இரண்டு கடவுச்சொற்கள் உண்டு. ஒன்று, வீட்டுக்கு வருகிறவர்கள் கேட்டால் சொல்கிறோமே, அந்த வைஃபை கடவுச்சொல். இன்னொன்று, ரவுட்டரின் செட்டிங்ஸ் பக்கத்துக்குள் நுழைவதற்கானது. முதலாவது எல்லோருக்கும் தெரியும். இரண்டாவது என்று ஒன்று இருப்பதே பல வீடுகளில் தெரியாது. கருவியை வாங்கிய அன்று என்ன இருந்ததோ அதுவே வருஷக்கணக்கில் அப்படியே கிடக்கும்.

வைஃபை பாதுகாப்புக்கு யோசனை சொல்லும் நீளமான பட்டியல்கள் எங்கும் கிடைக்கின்றன. அவற்றில் கணிசமானவை நேரத்தை வீணாக்குபவை என்பது என் கருத்து. உண்மையில் பலன் தருபவை நாலைந்துதான். அவை ஏன் பலன் தருகின்றன என்று ஒருமுறை புரிந்துகொண்டால் மற்றதைத் தைரியமாக விட்டுவிடலாம்.

அடிப்படையில் இருந்து தொடங்குவோம். கம்பி வழியாக இணையம் வந்தால், அதை ஒட்டுக்கேட்க நினைப்பவர் அந்தக் கம்பியைத் தொட்டாக வேண்டும். வைஃபை அப்படி இல்லை, அது ரேடியோ அலை. உங்கள் ஃபோனும் ரவுட்டரும் பேசிக்கொள்வது மொட்டைமாடியில் நின்று உரக்கப் பேசுவது மாதிரி. காது இருக்கிற எவரும் கேட்கலாம். சுவர் அதைக் கொஞ்சம் மட்டுப்படுத்தும், தடுத்துவிடாது. 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை சுவரைத் தாண்டுவதற்குள் வலுவிழந்துவிடும். 2.4 கிகாஹெர்ட்ஸ் இன்னும் தூரம் போகும். ஒரே திசையில் குவித்து வாங்கும் ஆன்டெனா ஒன்றை வைத்துக்கொண்டால், சாதாரண ஃபோனில் சிக்னலே காட்டாத தூரத்தில் இருந்தும் கேட்க முடியும். ஆகவே "அலை வெளியே போகாமல் பார்த்துக்கொள்வது" என்பது நடக்காத காரியம். வெளியே போகிற பேச்சு கேட்பவருக்குப் புரியாதபடி செய்வதுதான் ஒரே வழி. அதற்குப் பெயர் குறியாக்கம்.

உள்ளே வந்தவரால் என்ன செய்ய முடியும்?

பக்கத்து வீட்டுக்காரர் ஓசியில் வீடியோ பார்ப்பார், அவ்வளவுதானே என்று நினைப்பவர்கள் உண்டு. வேகம் குறைவதும் டேட்டா தீர்வதும் இதில் மிகச் சின்ன நஷ்டம்.

வெளி உலகத்துக்கு உங்கள் வீடு முழுவதும் ஒரே ஐ.பி. முகவரியாகத்தான் தெரியும். உங்கள் இணைப்பில் நுழைந்த ஒருவர் மிரட்டல் மின்னஞ்சல் அனுப்பினாலோ, சட்டவிரோதமான எதையாவது தரவிறக்கினாலோ, விசாரிக்க வருபவர்கள் அந்த முகவரியைப் பிடித்துக்கொண்டு உங்கள் வாசலுக்குத்தான் வருவார்கள். "நான் இல்லை" என்று நிரூபிக்கும் பாரம் உங்கள் தலையில் விழும்.

அடுத்தது, வீட்டுக்குள் இருக்கும் மற்ற கருவிகள். கண்காணிப்பு கேமரா, பிரின்டர், டிவி, வீட்டுப் படங்களைச் சேமித்து வைத்திருக்கும் ஹார்ட் டிஸ்க் எல்லாம் ஒரே நெட்வொர்க்கில் இருப்பவரை நம்பும் வகையில் உருவாக்கப்பட்டவை. வெளியில் இருந்து வருபவரிடம் காட்டும் கண்டிப்பைப் பெரும்பாலும் உள்ளே இருப்பவரிடம் காட்டாது. கடவுச்சொல்லே கேட்காமல் கோப்புகளைத் திறந்து காட்டும் டிஸ்குகள் இன்றும் உண்டு.

வங்கிக் கணக்கு விவரத்தை அப்படியே படித்துவிடுவார்களோ என்ற பயம்தான் பலருக்கும் முதலில் வரும். அதில் கொஞ்சம் ஆறுதல் சொல்லலாம். இன்று வங்கி, மின்னஞ்சல், சமூக ஊடகம் என்று முக்கியமான தளங்கள் எல்லாம் எச்.டி.டி.பி.எஸ். (உங்களுக்கும் தளத்துக்கும் இடையில் போவதைத் தனியாகக் குறியாக்கம் செய்யும் முறை) வழியாகவே இயங்குகின்றன. வைஃபைக்குள் நுழைந்தவருக்கு நீங்கள் எந்தத் தளத்துக்குப் போகிறீர்கள் என்பது தெரியலாம், அங்கே என்ன தட்டச்சு செய்கிறீர்கள் என்பது தெரியாது. ஆனால் அவர் ரவுட்டரின் செட்டிங்ஸ் பக்கத்தையும் பிடித்துவிட்டால் நிலைமை வேறு. அதைப் பின்னால் பார்ப்போம்.

குறியாக்கத்தில் எது வேண்டும்?

ரவுட்டரின் வயர்லெஸ் பக்கத்தில் "செக்யூரிட்டி" என்று ஓர் இடம் இருக்கும். அதில் தெரியும் எழுத்துக் கூட்டங்கள் பயமுறுத்துவது போல இருந்தாலும் கதை எளிமையானது.

வைஃபைக்கான முதல் தரநிலை 1997-இல் வந்தபோது கூடவே வந்தது டபிள்யூ.ஈ.பி. என்ற குறியாக்க முறை. ஃப்ளூரர், மேன்டின், ஷமீர் என்ற மூன்று ஆய்வாளர்கள் 2001-இலேயே அதன் அடிப்படைக் கோளாறை வெளியிட்டுவிட்டார்கள். 2007-இல் ஒரு நிமிடத்துக்கும் குறைவான நேரத்தில் அதை உடைத்துக் காட்டினார்கள். அதில் நீங்கள் எவ்வளவு நல்ல கடவுச்சொல் வைத்தாலும் பயனில்லை. அதற்கு அவசர மாற்றாக 2003-இல் டபிள்யூ.பி.ஏ.வும், அதைச் செம்மைப்படுத்தி 2004-இல் டபிள்யூ.பி.ஏ.2வும் வந்தன. 2018-இல் டபிள்யூ.பி.ஏ.3 அறிமுகமானது.

சரி, எதைத் தேர்ந்தெடுப்பது? டபிள்யூ.பி.ஏ.3 இருந்தால் அது. வீட்டில் பழைய ஃபோனோ பிரின்டரோ அதில் இணைய மறுத்தால், 2-ம் 3-ம் கலந்த முறை என்று ஒன்று இருக்கும், அது. ரவுட்டர் பழையதாக இருந்தால் டபிள்யூ.பி.ஏ.2, கூடவே ஏ.ஈ.எஸ். என்ற குறியாக்க முறை. டி.கே.ஐ.பி. என்று எழுதியிருக்கும் பழைய முறையைத் தேர்ந்தெடுக்க வேண்டாம். உங்கள் ரவுட்டரில் டபிள்யூ.ஈ.பி.யைத் தவிர வேறு எதுவும் இல்லை என்றால், அதை வைத்துக்கொண்டு போராடுவதை விட ரவுட்டரை மாற்றுவது நல்லது.

ஊகிப்பவர் வாசலில் நிற்பதில்லை

இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றைத்தான் நினைவில் வைத்துக்கொள்ள முடியும் என்றால், அது இந்தப் பகுதியாக இருக்கட்டும்.

மின்னஞ்சலில் கடவுச்சொல்லைத் தவறாக அடித்தால் என்ன ஆகும்? சில தடவைகளுக்குப் பிறகு கணக்கு தற்காலிகமாக முடக்கப்படும். வைஃபையிலும் அப்படித்தான் இருக்கும், யாரும் உட்கார்ந்து ஆயிரம் தடவை அடித்துப் பார்க்கப் போவதில்லை என்று பலர் நினைக்கிறார்கள். டபிள்யூ.பி.ஏ.2வில் நடப்பது வேறு.

உங்கள் ஃபோன் ரவுட்டருடன் இணையும்போது இரண்டும் நான்கு செய்திகளைப் பரிமாறிக்கொள்ளும். இரண்டு பக்கமும் ஒரே கடவுச்சொல்லைத்தான் வைத்திருக்கிறதா என்று, அந்தச் சொல்லை வெளியே சொல்லாமலே, சரிபார்க்கும் ஏற்பாடு இது. கடவுச்சொல் காற்றில் போவதில்லை. ஆனால் கடவுச்சொல்லில் இருந்து கணக்கிட்டு எடுத்த ஒரு முத்திரை போகிறது. அருகில் இருக்கும் ஒருவர் இந்தச் செய்திகளை லேப்டாப்பில் பதிவு செய்துகொள்கிறார். அதற்கு அவர் காத்திருக்கக்கூட வேண்டியதில்லை. போலியான ஒரு துண்டிப்புச் செய்தியை அனுப்பி உங்கள் ஃபோனை ஒரு நொடி கழற்றிவிட்டால் போதும், ஃபோன் தானாகவே திரும்ப இணையும், அந்த நான்கு செய்திகளும் மறுபடி காற்றில் வரும். உங்களுக்கு வித்தியாசமே தெரியாது.

அவ்வளவுதான், அவர் கிளம்பிவிடலாம். மிச்ச வேலை அவர் வீட்டில் நடக்கும். ஒவ்வொரு கடவுச்சொல்லாக எடுத்து, அதே கணக்கைப் போட்டு, பதிவு செய்த முத்திரையுடன் பொருந்துகிறதா என்று கணினி பார்த்துக்கொண்டே போகும். இங்கே தடுக்க ரவுட்டர் இல்லை. எண்ணிக்கைக்கு எல்லையும் இல்லை. இதைத் தாமதப்படுத்தவே ஒரு ஊகத்துக்கு 4,096 சுற்றுக் கணக்கு போடும்படி தரநிலை வைத்திருக்கிறது. அப்படியும், கணினி விளையாட்டுக்காக விற்கப்படும் உயர்தர கிராஃபிக்ஸ் கார்டு ஒன்று நொடிக்குப் பத்து லட்சம் ஊகங்களைத் தாண்டிச் சரிபார்த்துவிடும்.

இப்போது கணக்குப் போட்டுப் பாருங்கள். எட்டு எண்களால் ஆன கடவுச்சொல் (பிறந்த தேதி, மாதம், வருஷம் என்று வைப்பார்களே, அதுதான்) மொத்தம் பத்துக் கோடி சாத்தியங்கள். நொடிக்குப் பத்து லட்சம் என்றால் நூறு நொடி. பத்து இலக்க ஃபோன் எண்ணை வைத்தால் மூன்று மணி நேரத்துக்குள் எல்லாம் முடிந்துவிடும். எட்டு சிறிய ஆங்கில எழுத்துகள், எந்த அர்த்தமும் இல்லாமல் கலைத்துப் போட்டவை, இரண்டரை நாள் தாங்கும். அதே முறையில் பன்னிரண்டு எழுத்துகள் வைத்தால் மூவாயிரம் ஆண்டுகள். நான்கே நான்கு எழுத்துகள் கூடியதில் இவ்வளவு வித்தியாசம்.

ஆகவே நீளம்தான் பலம். ஒரு பெரிய எழுத்து, ஒரு எண், ஒரு குறி என்று அலங்காரம் செய்து எட்டு எழுத்தில் நிறுத்துவதை விட, எளிய எழுத்துகளாகவே நீளமாக வைப்பது மேல். வைஃபை கடவுச்சொல் 8 முதல் 63 எழுத்துகள் வரை இருக்கலாம். அந்த இடத்தைத் தாராளமாகப் பயன்படுத்திக்கொள்ளுங்கள்.

நீளமாக இருந்தால் நினைவில் நிற்காதே என்று கேட்கலாம். அதற்கு நல்ல வழி, ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத சொற்களை அடுக்குவது. உதாரணமாக ஏணி, வியாழன், முயல், பொத்தான், சுண்ணாம்பு, தபால் என்ற ஆறு தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்துகளில் சேர்த்து எழுதுங்கள். (இதையே வைத்துவிடாதீர்கள், அச்சில் வந்த எதுவும் கடவுச்சொல்லுக்கு ஆகாது.) நமக்குத் தெரிந்த வெறும் 2,000 எளிய சொற்களில் இருந்து ஐந்தைத் தற்செயலாக எடுத்தால், அதே கார்டுக்கு ஆயிரம் ஆண்டுகள் பிடிக்கும். ஆறாவது சொல் அதை இன்னும் 2,000 மடங்கு ஆக்கும். இத்தனைக்கும் அந்த 2,000 சொற்களின் பட்டியல் தாக்குபவர் கையிலேயே இருக்கிறது என்று வைத்துக்கொண்டு போட்ட கணக்கு இது.

தற்செயலாக என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். நாமாக யோசித்தால் குழந்தை பேர், ஊர் பேர், பிடித்த நடிகர் என்றுதான் மனசு போகும். ஏதாவது ஒரு தடிமனான புத்தகத்தைக் கண்ணை மூடிக்கொண்டு திறந்து, விரல் பட்ட சொல்லை எடுங்கள். அடுத்ததற்கு வேறு பக்கம். பிரபலமான பாட்டு வரி, பழமொழி, செய்யுள் அடி எல்லாம் நீளமாக இருந்தாலும் வேண்டாம். ஊகிக்கும் நிரல்களுக்குத் தீனியாகப் போடும் பட்டியல்களில் அவையும் இருக்கும்.

நெட்வொர்க்கின் பெயருக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. அந்த 4,096 சுற்றுக் கணக்கில் கடவுச்சொல்லுடன் நெட்வொர்க்கின் பெயரும் கலக்கப்படுகிறது. ரவுட்டர் நிறுவனங்கள் வைத்து அனுப்பும் பொதுவான பெயர்களுக்கு, பெருவாரியான கடவுச்சொற்களின் கணக்கை முன்கூட்டியே போட்டு வைத்த அட்டவணைகள் இணையத்தில் கிடைக்கின்றன. எனவே பெயரை மாற்றுவது நல்லது. ஆனால் உங்கள் பெயர், வீட்டு எண், ரவுட்டரின் மாடல் எதையும் அதில் சொல்லாதீர்கள்.

டபிள்யூ.பி.ஏ.3 இந்த இடத்தில்தான் முன்னேறியிருக்கிறது. அதில் பதிவு செய்துகொண்டு போய் வீட்டில் ஊகிக்கும் வேலை நடக்காது. ஒவ்வொரு ஊகத்தையும் ரவுட்டரிடமே நேரில் கேட்டுத்தான் சரிபார்க்க முடியும். இன்று பதிவு செய்த போக்குவரத்தை, நாளை கடவுச்சொல் தெரியவந்த பிறகு பிரித்துப் படிப்பதும் முடியாது. கலந்த முறையில் இருந்தால் மட்டும் கவனம் வேண்டும்: ஒரே ஒரு பழைய கருவி டபிள்யூ.பி.ஏ.2 வழியாக இணைந்தாலும், அதன் முத்திரையை வைத்து ஊகிக்கலாம். கடவுச்சொல்லை நீளமாக வைப்பதில் இருந்து விலக்கு கிடைக்காது.

டபிள்யூ.பி.எஸ். என்ற பொத்தான்

கடவுச்சொல் அடிக்காமலே இணைவதற்கு ரவுட்டரில் ஒரு பொத்தானும் எட்டு இலக்க எண்ணும் கொடுத்தார்கள். வசதிக்காக வந்த இந்த ஏற்பாடு, நீங்கள் பார்த்துப் பார்த்து வைத்த நீளமான கடவுச்சொல்லை ஒன்றுமில்லாமல் செய்துவிடும்.

எட்டு இலக்கம் என்றால் பத்துக் கோடி சாத்தியம் அல்லவா? இங்கே அப்படி இல்லை. கடைசி இலக்கம் மற்ற ஏழில் இருந்து கணக்கிடப்படுவது, ஆகவே ஊகிக்க வேண்டியது ஏழுதான். அதிலும் ரவுட்டர் முதல் நான்கு இலக்கங்களைத் தனியாகச் சரிபார்த்து, அது தவறு என்றால் அப்போதே சொல்லிவிடுகிறது. முதல் பாதிக்கு 10,000, இரண்டாவது பாதிக்கு 1,000, மொத்தம் 11,000 தடவைக்குள் விடை கிடைத்துவிடும். ஸ்டெஃபான் ஃபீபெக் என்ற ஆய்வாளர் 2011 டிசம்பரில் இதை வெளிப்படுத்தினார். சில மணி நேரத்தில் முடிகிற வேலை. எண் கிடைத்துவிட்டால் ரவுட்டரே உண்மையான கடவுச்சொல்லை எடுத்துக் கொடுத்துவிடும்.

பின்னால் வந்த ரவுட்டர்கள் பலமுறை தவறினால் சிறிது நேரம் நிறுத்திவைக்கின்றன. இருந்தாலும் இதை அணைத்துவிடுங்கள் என்றே சொல்வேன். ஒரு கருவியை இணைக்க மிஞ்சிப்போனால் ஒரு நிமிடம் மிச்சமாகும். அதற்காக இந்த ஆபத்து தேவையில்லை.

மறந்துபோன இரண்டாவது கடவுச்சொல்

வைஃபையில் இணைந்திருக்கும்போது பிரவுசரில் 192.168.1.1 அல்லது 192.168.0.1 என்று அடித்துப் பாருங்கள். இரண்டும் திறக்கவில்லை என்றால் ரவுட்டரின் அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் முகவரி இருக்கும். ஃபோனின் வைஃபை விவரத்தில் "கேட்வே" என்று தெரிவதும் அதுவேதான். உள்ளே நுழையும்போது பிரவுசர் "இது பாதுகாப்பானது அல்ல" என்று எச்சரித்தால் பயப்பட வேண்டாம், வீட்டுக்குள்ளேயே இருக்கும் பக்கம் என்பதால் அப்படிச் சொல்வது வழக்கம். பயனர் பெயரும் கடவுச்சொல்லும் கேட்கும். பல பழைய ரவுட்டர்களில் இரண்டுமே "அட்மின்" என்ற ஒரே சொல்தான். அந்த மாடலின் பெயரை இணையத்தில் தேடினால் எவருக்கும் கிடைத்துவிடும்.

இதன் விளைவை உலகம் 2016-இல் பார்த்தது. மிராய் என்ற தீநிரல் இணையம் முழுக்கத் தேடி, கேமராக்களையும் ரவுட்டர்களையும் கண்டுபிடித்து, தொழிற்சாலையில் வைத்து அனுப்பும் பயனர் பெயர், கடவுச்சொல் ஜோடிகள் அறுபது சொச்சத்தை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தது. அதில் எந்தத் தந்திரமும் இல்லை. மாற்றாமல் விட்டவர்கள் அத்தனை பேர் இருந்தார்கள் என்பதுதான் அதன் பலம். அப்படிப் பிடித்த கருவிகளை எல்லாம் ஒரே இடத்தை நோக்கி ஏவி, அந்த ஆண்டு அக்டோபர் 21 அன்று தளங்களின் பெயரை எண் முகவரியாக மாற்றித் தரும் டின் என்ற டி.என்.எஸ். நிறுவனத்தைத் திணறடித்தார்கள். ட்விட்டர், நெட்ஃப்ளிக்ஸ் போன்ற தளங்கள் பல மணி நேரம் தடுமாறின. கருவிகளின் சொந்தக்காரர்களுக்குத் தங்கள் வீட்டுப் பெட்டி இதில் பங்கெடுத்தது தெரிந்திருக்க வாய்ப்பே இல்லை.

செட்டிங்ஸ் பக்கத்தைப் பிடித்தவர் செய்யக்கூடிய மோசமான காரியம், டி.என்.எஸ். முகவரியை மாற்றுவது. நீங்கள் அடிக்கும் தளத்தின் பெயரை எண் முகவரியாக மாற்றித் தருவது டி.என்.எஸ். சர்வர். அதைத் தன்னுடையதாக மாற்றிவிட்டால், நீங்கள் வங்கியின் பெயரைச் சரியாகவே அடித்தாலும் வேறொரு சர்வருக்கு அழைத்துப் போக முடியும். அப்போது பிரவுசர் சான்றிதழ் சரியில்லை என்று முழுப்பக்க எச்சரிக்கை காட்டும். ரவுட்டர் பக்கத்துக்குக் காட்டுவதை வேண்டுமானால் தாண்டிப் போகலாம். வங்கித் தளத்துக்கு அப்படிக் காட்டினால் ஒருபோதும் தாண்டிப் போகாதீர்கள்.

ஆக, இந்தக் கடவுச்சொல்லையும் மாற்றுங்கள். வைஃபை கடவுச்சொல்லையே இதற்கும் வைக்காதீர்கள், ஏனென்றால் அதை விருந்தாளிகளுக்கெல்லாம் சொல்லியிருப்பீர்கள். இதை எழுதிப் பத்திரமாக வைத்துக்கொள்வதில் தவறே இல்லை. உள்ளே இருக்கும்போதே ரிமோட் மேனேஜ்மென்ட் என்று ஒன்று இருக்கிறதா பாருங்கள். வெளியூரில் இருந்தபடி இந்தப் பக்கத்தைத் திறக்கும் வசதி அது. பெரும்பாலான வீடுகளுக்குத் தேவையே இல்லை, அணைத்துவிடலாம்.

அப்புறம் அப்டேட். ரவுட்டரும் ஒரு சிறிய கணினிதான், அதன் மென்பொருளிலும் ஓட்டைகள் கண்டுபிடிக்கப்பட்டுக்கொண்டே இருக்கும். 2017-இல் மேத்தி வான்ஹூஃப் என்ற பெல்ஜிய ஆய்வாளர், டபிள்யூ.பி.ஏ.2 இணைப்பு முறையிலேயே இருந்த ஒரு கோளாறை க்ராக் என்ற பெயரில் வெளியிட்டார். எந்தக் கடவுச்சொல்லும் அதைத் தடுக்காது, அப்டேட் மட்டுமே தீர்வு. அதுவும் ரவுட்டரைவிட ஃபோன்களுக்கும் கணினிகளுக்கும்தான் அவசரமாகத் தேவைப்பட்டது. அடுத்த ஆண்டு விபிஎன்ஃபில்டர் என்ற தீநிரல் 54 நாடுகளில் குறைந்தது ஐந்து லட்சம் ரவுட்டர்களையும் சேமிப்புக் கருவிகளையும் தொற்றியிருந்தது. ரவுட்டரை அணைத்துப் போடும்படி அமெரிக்காவின் எஃப்.பி.ஐ. பொதுமக்களைக் கேட்டுக்கொள்ளும் அளவுக்குப் போனது.

தானாக அப்டேட் ஆகும் வசதி இருந்தால் இயக்கிவிடுங்கள். இல்லாவிட்டால் எப்போதாவது உள்ளே போய் "ஃபர்ம்வேர்" என்ற இடத்தில் தேடிப் பாருங்கள். நிறுவனமே அந்த மாடலைக் கைவிட்டுவிட்டது, இனி அப்டேட் வராது என்று தெரிந்தால், கருவி நன்றாக ஓடிக்கொண்டிருந்தாலும் மாற்றும் நேரம் வந்துவிட்டது. பலருக்கும் மனசு வராத இடம் இது. ஆனால் ஒரு ஓட்டை எல்லோருக்கும் தெரிந்து, அடைக்க ஆளில்லாமல் இருக்கும் கருவியில் மற்ற எந்த முயற்சியும் நிற்காது.

விட்டுவிடக்கூடியவை

நெட்வொர்க்கின் பெயரை மறைத்து வைக்கச் சொல்வார்கள். மறைத்தாலும், உங்கள் ஃபோன் இணையும் ஒவ்வொரு முறையும் அந்தப் பெயரைச் சொல்லித்தான் கேட்கும், ஒட்டுக்கேட்பவருக்குத் தெரிந்துவிடும். அதைவிட மோசம், வீட்டை விட்டு வெளியே போன பிறகும் சில கருவிகள் "இந்தப் பெயர் இங்கே இருக்கிறதா" என்று போகிற இடமெல்லாம் கேட்டுக்கொண்டே இருக்கும். மறைப்பதால் லாபத்தை விட நஷ்டம் அதிகம்.

மேக் முகவரி வடிகட்டலும் அப்படித்தான். ஒவ்வொரு கருவிக்கும் ஒரு முகவரி உண்டு, பட்டியலில் உள்ள முகவரிகளை மட்டும் அனுமதிக்கலாம் என்பது யோசனை. ஆனால் அந்த முகவரி குறியாக்கம் இல்லாமலே காற்றில் போகிறது. கேட்டு, அதையே தன் லேப்டாப்புக்கு வைத்துக்கொள்வது சில நொடி வேலை. போதாததற்கு, இப்போதைய ஃபோன்கள் தாங்களாகவே போலி முகவரி ஒன்றை உருவாக்கிக்கொள்கின்றன. நீங்கள்தான் புதிது புதிதாகப் பட்டியலில் சேர்த்துக்கொண்டிருப்பீர்கள்.

மாதாமாதம் கடவுச்சொல்லை மாற்றுவதும் தேவையில்லை. நீளமான ஒன்றை வைத்துவிட்டு, யாருக்காவது தெரிந்துவிட்டது என்றோ, வீட்டில் தங்கியிருந்தவர் காலி செய்துவிட்டார் என்றோ காரணம் வரும்போது மாற்றினால் போதும்.

விருந்தாளிக்கும் பல்புக்கும் தனி நெட்வொர்க்

இப்போதைய ரவுட்டர்களில் கெஸ்ட் நெட்வொர்க் என்ற வசதி பெரும்பாலும் இருக்கும். தனிப் பெயர், தனிக் கடவுச்சொல். அதில் இணைந்தவருக்கு இணையம் கிடைக்கும், உங்கள் கணினியும் டிஸ்க்கும் கண்ணில் படாது. வருகிறவர்கள் மேல் சந்தேகம் என்பதில்லை. அவர்கள் ஃபோனில் என்ன குடியிருக்கிறது என்று அவர்களுக்கே தெரியாது. இன்னொரு காரணமும் உண்டு. டபிள்யூ.பி.ஏ.2வில் கடவுச்சொல் தெரிந்த ஒருவர், உங்கள் கருவி இணையும் தருணத்தைப் பதிவு செய்திருந்தால், அதன் போக்குவரத்தின் குறியாக்கத்தைப் பிரித்துவிட முடியும். எத்தனை பேரிடம் அந்தச் சொல் போகிறதோ அந்த அளவுக்கு அதன் மதிப்பு குறையும்.

ஸ்மார்ட் பல்பு, பிளக், கேமரா போன்றவற்றையும் நான் கெஸ்ட் பக்கமே தள்ளச் சொல்வேன். மலிவாக விற்று மறந்துபோகும் நிறுவனங்களின் கருவிகள் அவற்றில் நிறைய, அப்டேட் வரும் என்ற நம்பிக்கை குறைவு. அவற்றில் பல 2.4 கிகாஹெர்ட்ஸில் மட்டுமே இணையும், ஆகவே கெஸ்ட் நெட்வொர்க்கில் அந்த அலைவரிசை இயக்கத்தில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பிரின்டரையும், ஃபோனில் இருந்து படம் அனுப்பும் டிவியையும் அங்கே போட்டால் உங்கள் ஃபோனுக்கே அவை தெரியாமல் போகலாம். அவை முதன்மை நெட்வொர்க்கிலேயே இருக்கட்டும்.

யார் உள்ளே இருக்கிறார்கள் என்று பார்ப்பது

ரவுட்டர் பக்கத்தில் இணைந்துள்ள கருவிகளின் பட்டியல் ஒன்று இருக்கும். முதல் தடவை பார்க்கும்போது பலரும் அதிர்ந்துபோவார்கள், ஏனென்றால் பாதிப் பெயர்கள் புரியாது. எஸ்ப்ரெஸிஃப் என்று தெரிந்தால் ஊடுருவல்காரர் என்று முடிவு கட்ட வேண்டாம். ஸ்மார்ட் பல்பு, பிளக் போன்றவற்றில் பரவலாக இருக்கும் சிப்பைத் தயாரிக்கும் நிறுவனத்தின் பெயர் அது. பெயரே இல்லாமல் வெறும் மேக் முகவரி தெரிந்தால் அதன் இரண்டாவது எழுத்தைப் பாருங்கள். 2, 6, ஏ, ஈ இவற்றில் ஒன்றாக இருந்தால் பெரும்பாலும் ஏதோ ஒரு ஃபோன் உருவாக்கிக்கொண்ட போலி முகவரியாக இருக்கும், உங்கள் ஃபோனாகவே இருக்கலாம். ஃபோனின் வைஃபை விவரத்தில் அதே முகவரி இருக்கிறதா என்று ஒப்பிட்டுக்கொள்ளலாம். அப்படியும் தெரியாவிட்டால் வீட்டில் உள்ள கருவிகளை ஒவ்வொன்றாக அணைத்து, பட்டியலில் எது மறைகிறது என்று பாருங்கள். எல்லாவற்றையும் அணைத்த பிறகும் ஒன்று மிச்சம் இருந்தால், அது உங்களுடையது இல்லை.

அப்போது வைஃபை கடவுச்சொல்லை மட்டும் அவசரமாக மாற்றுவது போதாது. வந்தவர் செட்டிங்ஸ் பக்கத்திலும் நுழைந்திருந்தால், நீங்கள் வைக்கும் புதியதையும் அங்கே படித்துவிடுவார். ஆகவே முடிந்தால் கம்பி வழியாகக் கணினியை ரவுட்டரில் இணைத்து, முதலில் செட்டிங்ஸ் கடவுச்சொல், பிறகு வைஃபை கடவுச்சொல், கையோடு டபிள்யூ.பி.எஸ்.ஸை அணைப்பது என்ற வரிசையில் போங்கள். டி.என்.எஸ். இடத்தில் உங்களுக்கோ இணைய நிறுவனத்துக்கோ சம்பந்தமில்லாத முகவரி இருந்தாலும், நீங்கள் இயக்காத எந்த வசதியும் இயங்கிக்கொண்டிருந்தாலும், ஒவ்வொன்றாகத் திருத்திக்கொண்டிருக்க வேண்டாம், ரவுட்டரை முழுதாக ரீசெட் செய்துவிடுங்கள். இணைய நிறுவனம் கொடுத்த ரவுட்டர் என்றால், அவர்களிடம் இணைப்பு விவரங்களை முதலில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் இருக்கும் சிறிய துளையில் ஊசி முனையை வைத்துப் பத்து நொடி போல அழுத்திப் பிடித்தால், விளக்குகள் அணைந்து எரிந்து, தொழிற்சாலை நிலைக்குத் திரும்பிவிடும். பழைய "அட்மின்" கடவுச்சொல்லும் அணைத்து வைத்த டபிள்யூ.பி.எஸ்.ஸும் கூடவே திரும்பி வந்திருக்கும், ஆகவே இணையத்தில் மாட்டும் முன்பே அவற்றைக் கவனியுங்கள். பிறகு ஃபர்ம்வேரை அப்டேட் செய்யுங்கள். முன்பு சேமித்து வைத்த செட்டிங்ஸ் கோப்பு இருந்தால் அதை ஏற்றாதீர்கள், வந்தவர் செய்த மாற்றங்களும் அதற்குள்ளேயே இருக்கலாம். பெயர், கடவுச்சொல், கெஸ்ட் நெட்வொர்க் எல்லாவற்றையும் கையாலேயே புதிதாக அடித்துவிடுங்கள்.